வேலிக்குள்ளே திரியட்டும் கோழி



நலன்புரி வேலை செய்கிற எங்களிடம் வரும் முறைப்பாடுகளில் குடியும் கடனும் எப்போதும் முன்னுக்கு நிற்கும். அதற்கு அடுத்தபடியாக வருவது எது தெரியுமா? கோழிதான்! "பாத்தியில போட்ட கீரையைப் பூரா அவுங்க கோழி கிளறிப் போட்டுருச்சு ஐயா" என்று ஒரு வீட்டார் வருவார்கள். "வாயில்லாத சீவனைக் கல்லால அடிச்சு நொண்டியாக்கிட்டாங்க" என்று அடுத்த காம்பராக்காரர் வருவார். கோழி செத்த கதை ஒரு வாரத்தில் மறந்து போகும். ஆனால் அந்த இரண்டு குடும்பமும் பீலிக்கரையில் முகம் பார்த்துப் பேச ஒரு வருஷம் எடுக்கும்.

இந்தச் சண்டைக்குப் பயந்து சிலர் கோழி வளர்ப்பதையே விட்டுவிட்டார்கள். வேறு சிலர் பழைய பெட்டியிலே போட்டு நாள் முழுக்க அடைத்து வைக்கிறார்கள். இரண்டுமே சரியான வழி அல்ல. வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு வேலி அடைத்து, அதற்குள்ளே கோழியைத் தாராளமாகத் திரிய விடுவதுதான் நமக்குப் பொருத்தமான வழி. அதை எப்படிச் செய்வது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

கோழியின் குணம்

வீட்டுக்கோழியின் மூதாதை ஆசியக் காடுகளில் திரியும் சிவப்புக் காட்டுக்கோழி. நமது நாட்டின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியும் அதற்குச் சொந்தம்தான். காட்டிலே சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடித் தின்ற பழக்கம் வீட்டுக்கு வந்து எத்தனையோ ஆயிரம் வருஷமாகியும் கோழியை விட்டுப் போகவில்லை. கிளறுவது, கொத்துவது, மண்ணில் புரண்டு குளிப்பது, இருட்டினால் உயரத்தில் ஏறி உட்காருவது, இவை நான்கும் அதற்குப் பிறவிக் குணம்.

மண் குளியலை விளையாட்டு என்று நினைக்கக் கூடாது. இறகுக்குள் இருக்கும் பேன், உண்ணியைக் கோழி அப்படித்தான் போக்கிக் கொள்கிறது. நாள் முழுக்க அடைத்து வைத்த கோழிக்கு இந்த வேலைகளுக்கெல்லாம் வழியில்லை. அப்போது அது பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கத் தொடங்கும். சில கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

அதற்காகத் தேயிலை மலைக்குள் அவிழ்த்து விடுவதும் ஆபத்து. மலையில் களை மருந்து, பூச்சி மருந்து அடிக்கும் நாள் கோழிக்குத் தெரியாது. கீரிப்பிள்ளையும் நாயும் அங்கேதான் காத்திருக்கும். புதருக்குள் இட்ட முட்டை சாரைப் பாம்புக்குப் போய்விடும். ஆகவே வேலி என்றால் அதைக் கோழிக்கு மறியல் என்று நினைக்க வேண்டாம். கோழி பயமில்லாமல் திரிவதற்கு நாம் கட்டிக் கொடுக்கும் எல்லை அது.

எத்தனை கோழி? எவ்வளவு இடம்?

முதலில் இடத்தை அளந்துவிட்டுத்தான் கோழியை எண்ண வேண்டும். வெளியில் திரிகிற ஒரு கோழிக்கு 40 சதுர அடியாவது வேண்டும். இதற்குக் குறைந்தால் சில வாரத்தில் புல் பூண்டு எல்லாம் தீர்ந்து, மழை பெய்தால் சேறும் நாற்றமும்தான் மிஞ்சும்.

7 பேர்ச் காணியோடு தனி வீடு கிடைத்த குடும்பங்களை எடுத்துக் கொள்வோம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்றுக் கூட. 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீட்டுக்குப் போனால் மிச்சம் 1,350. பாதை, மலசலகூடம், மரக்கறிப் பாத்தி எல்லாவற்றுக்கும் விட்டாலும், பின்பக்கம் 20 அடிக்கு 20 அடி கோழிக்கு ஒதுக்கலாம். அதை 20க்கு 10 அடியாக இரண்டு பாதியாகப் பிரித்தால், 5 கோழி வளர்க்கத் தாராளமாகப் போதும்.

இன்னும் லயத்திலேயே இருக்கிற குடும்பங்களுக்கு இவ்வளவு வசதி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். காம்பராவுக்குப் பின்னால் 10 அடிக்கு 16 அடி கிடைத்தாலே பெரிய காரியம். அங்கே இரண்டு கோழிக்கு மேல் வேண்டாம். இரண்டு கோழியைக் குறையில்லாமல் வளர்ப்பது பத்துக் கோழியை அரைகுறையாக வளர்ப்பதை விட மேல்.

இன்னொரு விஷயம். முட்டைக்கு மட்டும் என்றால் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமல் பெட்டைக்கோழி முட்டையிடாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். லயத்திலே விடியற்காலை மூன்று மணிக்குக் கூவும் சேவலாலும் சண்டை வரும். ஆகவே ஒரு லயத்துக்கு ஒரு நல்ல சேவல் பொதுவாக இருந்தாலே போதும்.

வேலி போடும் விதம்

கடையில் கோழி வலை வாங்கினால் நல்லதுதான். சல்லி இல்லாவிட்டால் மூங்கில் பட்டி, பழைய மீன்வலை, பழைய தகரம், கவ்வாத்து மிலாறு எல்லாம் கைகொடுக்கும். நடுமட்ட, தாழ்மட்டத் தோட்டங்களில் கிளிசரிடியாக் கம்பை நட்டால் வேர் பிடித்து உயிர்வேலியாகவே நிற்கும். தோட்டத்து மரத்தில் கம்பு வெட்டுவதாக இருந்தால் முதலில் நிர்வாகத்திடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

உயரம் 5 அடியாவது வேண்டும். நாட்டுக்கோழி எடை குறைந்தது, நன்றாகப் பறக்கும். தாண்டிப் பழகின கோழிக்கு ஒரு பக்கச் சிறகில் மட்டும் நீள இறகுகளின் நுனியைக் கத்தரித்து விடலாம். அப்போது பறக்க எத்தனித்தால் ஒரு பக்கம் சாயும், தாண்டாது. முற்றிய இறகின் நுனியைக் கத்தரிப்பது நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது. புதிதாக முளைத்து வரும், இரத்தம் ஓடுகிற இறகை மட்டும் தொடக்கூடாது.

வேலியின் அடிப்பாகம்தான் முக்கியம். கீரியும் நாயும் பெரும்பாலும் கீழே தோண்டித்தான் வரும். வலையின் அடியை அரை அடி மண்ணுக்குள் புதையுங்கள். அல்லது கருங்கல்லை நெருக்கமாக அடுக்கி, இடைவெளியில் மிலாறைச் செருகுங்கள். பருந்துக்குப் பயமென்றால் மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டலாம். உள்ளே இரண்டொரு வாழையோ மரவள்ளியோ இருந்தால் கோழி ஒளியவும் நிழலுக்கும் உதவும்.

நம்முடைய இடமெல்லாம் சரிவு. மழைத்தண்ணீர் கோழி அடைப்புக்குள் வந்து பாயாதபடி மேல்பக்கம் ஒரு சிறு கான் வெட்டுங்கள். பீலிக்கும் குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் மேலே ஒருக்காலும் கோழி அடைப்பு வைக்கக் கூடாது. எச்சம் கழுவிய தண்ணீர் நேரே நம் குடத்துக்குத்தான் வரும்.

பாதி பாதியாக மாற்றுங்கள்

இடத்தை இரண்டு பாதியாகப் பிரிக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கோழி ஒரே இடத்தில் நின்றால் குடற்புழுவின் முட்டையும் இரத்தக் கழிச்சல் கிருமியும் அந்த மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஈரமான மண்ணில் இவை இன்னும் அதிகம். ஒரு மாதம் ஒரு பாதியில் விட்டு, அடுத்த மாதம் மற்றப் பாதிக்கு மாற்றினால், விட்ட பாதியில் வெயில் பட்டு மண் ஆறும், புல்லும் தளிர்க்கும்.

வேறு விதமாகவும் செய்யலாம். ஒரு போகம் கோழி நின்ற பாதியில் அடுத்த போகம் போஞ்சி, சோளம் போன்றவற்றைப் போடுங்கள். கோழி எருவும் கிளறிய மண்ணும் சேர்ந்து நல்ல விளைச்சல் தரும். சமைக்காமல் பச்சையாகத் தின்னும் சலாது, கரட் போன்றவற்றை மட்டும் அந்த மண்ணில் உடனே போட வேண்டாம். கூட்டில் அள்ளும் புது எச்சத்தையும் நேரே செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகிவிடும். குப்பைக் குழியில் இலை தழையோடு போட்டு நன்றாக மக்கிய பிறகு போடுங்கள்.

இரவுக்கு ஒரு கூடு

பகலில் எவ்வளவு சுதந்திரம் கொடுத்தாலும் இரவில் கூடு அடைத்தே ஆக வேண்டும். மரநாய், காட்டுப்பூனை எல்லாம் இருட்டில்தான் வரும். நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் கால் நட்டு, எச்சம் கீழே விழும்படி சட்டம் அடித்த தளம் போடுங்கள். உள்ளே ஏறி உட்காரக் கம்பு வேண்டும். ஒரு கோழிக்கு 8 அங்குலம் கணக்கு. முட்டையிட வைக்கோல் அல்லது காய்ந்த மானாப்புல் போட்ட ஒரு பெட்டி நாலைந்து கோழிக்குப் போதும்.

மலையிலே குளிர் அதிகம் என்று கூட்டை முழுவதும் சாக்கால் மூடிவிடுகிறார்கள். அது கெடுதல். கோழி தன் இறகாலேயே குளிரைத் தாங்கும். ஆனால் எச்சத்தின் காரமும் ஈரமும் உள்ளேயே தங்கினால் மூச்சு நோய் வரும். காற்றடிக்கும் பக்கத்தை மறைத்து, மேலே காற்றுப் போக இடம் விடுங்கள்.

புதிதாக வாங்கிய கோழியை ஐந்தாறு நாள் கூட்டிலேயே வைத்துத் தீனி போட்டால் அதுதான் தன் வீடு என்று பழகிவிடும். பிறகு பொழுது சாயும்போது யாரும் துரத்தாமல் தானாகவே வந்து ஏறும். நீங்கள் செய்ய வேண்டியது கதவைப் பூட்டுவது ஒன்றுதான். அந்த வேலையைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுங்கள், பொறுப்பும் பழகும். காலையில் பிரட்டுக்குப் போகும் முன் கூட்டைத் திறந்து, தண்ணீர் வைத்துவிட்டால், பின்னேரம் வரை கவலையில்லை. வேலி இருப்பதால் முட்டையும் உள்ளேதான் கிடக்கும்.

தீனி, தண்ணீர், குஞ்சு

திரிகிற கோழி தானே தேடித் தின்னும் என்று சும்மா விட்டுவிடக் கூடாது. சிறிய அடைப்பில் புழு பூச்சி எல்லாக் கோழிக்கும் காணாது. தவிடு, குருணல், கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு, மீன் தலை, கீரைத்தண்டு என்று காலையும் மாலையும் இரண்டு வேளை கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் பாணையும் கோழிக்குப் போடாதீர்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. முட்டை ஓட்டைக் காய வைத்து, இடித்துத் தூளாக்கிக் கலந்தால் அடுத்த முட்டையின் ஓடு உறுதியாகும். ஒரு கோழி நாளைக்குக் கால் லீட்டர் அளவு தண்ணீர் குடிக்கும். தினமும் பாத்திரத்தைக் கழுவி மாற்ற வேண்டும்.

அடைக்கு உட்காரும் கோழிக்கு 8 முதல் 12 முட்டை வைக்கலாம். 21 நாளில் பொரிக்கும். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கரு பிடித்த முட்டையில் நரம்பு ஓடுவது தெரியும். வெறுமையாகத் தெரிவதை எடுத்து விடலாம். குஞ்சுகளை மூன்று நான்கு வாரம் கூடையால் மூடியோ தனி அடைப்பிலோ காப்பாற்றுங்கள். "கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்பார்கள். ஆனால் காக்கை தூக்கினால் சாகும், ஈரத்தில் நனைந்தாலும் சாகும்.

லயத்தோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை

இதுவரை சொன்னதெல்லாம் ஒவ்வொரு வீடும் தனியாகச் செய்யக் கூடியது. தனியாகச் செய்தால் பலன் தராத வேலை ஒன்று இருக்கிறது. அது ராணிகெட் நோயைத் தடுப்பது.

நியூகாசில் என்றும் இதற்குப் பெயர். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அந்த ஊர்ப்பக்கம் கண்டதால் அப்படிப் பெயர் வந்தது. இந்தியாவின் ராணிகெட் மலைப்பகுதியிலும் கண்டதால் நம்மிடையே ராணிகெட் ஆனது. கோழி சோர்ந்து தலையைத் தொங்கப் போடும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சையாகக் கழியும், சிறகு தொங்கும், கழுத்து முறுக்கிக் கொள்ளும். இரண்டு மூன்று நாளில் லயத்துக் கோழி முழுவதும் காலியாகிவிடலாம். "திருஷ்டி பட்டுருச்சு, யாரோ செஞ்சுட்டாங்க" என்று சொல்லிப் பக்கத்து வீட்டைச் சந்தேகப்படுவதும் உண்டு. யாரும் எதுவும் செய்யவில்லை. இது கண்ணுக்குத் தெரியாத கிருமியின் வேலை. கோழியின் எச்சத்திலும், மூச்சிலும், கூடையிலும், நம் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வருவது.

வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. வருமுன் தடுக்கத் தடுப்பு மருந்து உண்டு. பொதுவாகக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். சில வாரம் கழித்து மீண்டும் கொடுப்பார்கள். பெரிய கோழிக்கும் குறித்த காலத்துக்கு ஒருமுறை தேவை. எந்த வயதுக்கு எது என்பதை உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இங்கேதான் ஒற்றுமை வேண்டியிருக்கிறது. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் அதற்கு மேலும் காணும். கரைத்துவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும். வெயில் படக்கூடாது, குளிரில் வைத்தே கொண்டுவர வேண்டும். இரண்டு கோழிக்காக ஒருவர் தனியாக வாங்கினால் மிச்சம் வீண். பன்னிரண்டு வீடு ஒரே நாளில் கோழியைக் கூட்டில் அடைத்து வைத்துக் காத்திருந்தால் ஒரே குப்பியில் எல்லாக் கோழியும் தப்பும். சில வீடு போட்டு, சில வீடு போடாவிட்டால் கிருமி லயத்தை விட்டுப் போகாது. குஞ்சும் தடுப்பு மருந்து போடாத கோழியும்தான் பலியாகும்.

இன்னும் மூன்று கட்டுப்பாடுகளை எல்லா வீடும் கடைப்பிடிக்க வேண்டும்.

1. திருவிழாவுக்கோ சந்தையிலோ வாங்கி வந்த கோழியை 14 நாள் தனியாக வையுங்கள். நல்லபடியாக இருந்தால் மட்டும் மற்றக் கோழியோடு விடுங்கள்.

2. நோய் கண்ட கோழியை அவசரமாக மலிவு விலைக்கு அடுத்த டிவிஷனுக்கு விற்காதீர்கள். நம் நஷ்டத்தைக் குறைக்கப் போய் இன்னொரு லயத்தையே அழிப்பது அது.

3. செத்த கோழியைக் கானிலோ ஆற்றிலோ வீசாதீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே நேரத்தில் பல கோழி செத்தால் உடனே மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

கோழியைக் காம்பராவுக்குள்ளும் அடுப்படியிலும் படுக்க விடுவதை அடியோடு நிறுத்துங்கள். கோழி எச்சத்திலிருந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். கூடு கூட்டினாலும், முட்டை எடுத்தாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தவழுகிற பிள்ளை கோழி அடைப்புக்குள் போகவே கூடாது. வேலியால் அந்தப் பாதுகாப்பும் கிடைக்கிறது.

முட்டை யாருக்கு?

கடைசியாக ஒரு கணக்கு. நல்லபடியாகப் பார்த்தால் ஒரு நாட்டுக்கோழி வருஷத்துக்கு 50, 60 முட்டை இடும். 5 கோழிக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 5 முட்டை. இதை வைத்து யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு முட்டை எட்டாத பொருளாகி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்ததை நாம் மறக்கவில்லை. அந்த நாளில் பின்பக்கம் இரண்டு கோழி நின்ற வீட்டுக்காரர் கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஐந்து முட்டையையும் விற்றுவிட்டு, அதே சல்லிக்கு பிஸ்கட்டும் டொபியும் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. கண்ணுக்கும் இரத்தத்துக்கும் வேண்டிய சத்தும் உண்டு. பிஸ்கட்டில் மாவும் சீனியும்தான் முக்கியம். ஆகவே முதல் முட்டை பிள்ளைக்கு. இரண்டாவது, வயிற்றில் பிள்ளையோடு கொழுந்து பறிக்கிற தாய்க்கு. மிஞ்சினால் விற்பனைக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்கள் லயத்தில் எத்தனை வீட்டில் எத்தனை கோழி இருக்கிறது என்று மாதர் சங்கத் தலைவியோ இளைஞர்களில் ஒருவரோ ஒரு தாளில் எழுதி எங்களிடம் தாருங்கள். மிருக வைத்திய அலுவலகத்தோடு பேசி ஒரு நாளைக் குறிக்கும் வேலையை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம். அதற்கு முன் வேலியைப் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மிச்சமான வலைத்துண்டு ஒன்று இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். போன மாதம் கோழிக்காகச் சண்டை பிடித்தவராக இருந்தாலும் பரவாயில்லை. வேலி போட்டால் அவருடைய கீரைக்கும் நல்லதுதானே!